நாங்கள் கூடமாட ஒத்தாசைக்கு வந்தவர்கள் அல்லர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த மூத்த மருத்துவர் மேடையில் பேசியதைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "சிகிச்சை எங்கள் வேலை, மற்றவர்கள் குடும்பத்தாரிடம் பேசினால் போதும்" என்றதற்கு எழுந்த கைத்தட்டல்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. அந்த 'மற்றவர்கள்' உளவியலாளர், செவிலியர், என்னைப் போன்ற சமூகப் பணியாளர். மனநலச் சமூகப் பணியாளராகச் சொல்கிறேன்: குடும்பத்தாரிடம் பேசுவதும் சிகிச்சைதான்.

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். அளவுகடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனையப் பிறழ்வுக்காக (பைபோலார்) லித்தியம் என்ற மருந்தை எடுத்துவந்த இளைஞர் ஒருவர், சித்திரை வெயிலில் கைநடுக்கம், தள்ளாட்டம், வாந்தியோடு வந்தார். குடித்திருக்கிறார் என்றே பலரும் எண்ணினார்கள். ரத்த அழுத்தம் பார்த்த செவிலியர், குடிவாடை இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அந்த இளைஞர் புதிதாக உப்பளத்து வேலைக்குப் போவது, வீட்டுக்குச் சென்று வந்த எனக்குத் தெரியும். வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிவிடும். இரண்டையும் கேட்டவுடன் மருத்துவர் மருந்தை நிறுத்தி, ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொல்லி, சலைன் ஏற்றவைத்தார். இளைஞர் பிழைத்தார். காப்பாற்றியது மூவரில் யார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

"சட்டப் பொறுப்பு டாக்டருக்குத்தானே?" என்பீர்கள். மருந்து எழுதும் அதிகாரத்தை நாங்கள் கேட்கவில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள். தானாக முடிவெடுக்க இயலாதவரை 89ஆம் பிரிவின்கீழ் உள்நோயாளியாகச் சேர்க்க ஒரு மனநல மருத்துவரின் முடிவு மட்டும் போதாது; இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனியாகப் பரிசோதித்து அதே முடிவுக்கு வரவேண்டும். மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் மூவரும் அந்த வல்லுநர் வரையறைக்குள் வருகிறோம்.

புறநோயாளிக் கூட்டத்தில் கலந்துபேச நேரமில்லை என்பது உண்மைதான். நேரமில்லாதவர்தான், நேரம் செலவழித்துக் கேட்டு வந்தவரிடம் கேட்கவேண்டும். ஒரு தாயிடம் பொறுமையாகப் பேசி மகளின் கதை முழுவதையும் எழுதிக் கோப்பில் வைத்திருந்தேன். அதைப் புரட்டாமலே இளம் மருத்துவர் முதலிலிருந்து அத்தனையும் கேட்டார். "இப்பத்தானேம்மா உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன்" என்று என் பக்கம் திரும்பி அந்த அம்மா அழுதார். என் எழுத்தைப் படிக்காதது எனக்கு அவமானம் என்றால், அவருக்கு அது இரண்டாவது முறை வலி.

நான் மருத்துவர்களுக்கு எதிரி என்று சிலர் எழுதக்கூடும். அவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

இவ்வளவு பெருமையாகச் சொன்ன அதே சட்டமும் எங்களை முழுதாக நம்பவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். நோயாளியின் உரிமைகளைக் காக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தில் நீதித்துறையைச் சேர்ந்த தலைவர், மாவட்ட நிர்வாகப் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் ஆகியோருக்கு இடமுண்டு. நோயுற்றவர்கள், பராமரிப்பாளர்கள், தன்னார்வ அமைப்புகள் தரப்பிலும் இருவர் உண்டு, அது மிகச் சரி. உளவியலாளர், செவிலியர், சமூகப் பணியாளர் என்ற தகுதியில் ஓர் இருக்கையும் ஒதுக்கப்படவில்லை.

என்னோடு பணியாற்றிய மருத்துவ நண்பர்கள் சிலர் அந்தப் பேச்சு தவறு என்று இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார்கள். அன்புக்கு நன்றி. அதே வரிகளை இந்தப் பதிவின் கீழே, உங்கள் சகமருத்துவர்கள் பார்க்கும்படி எழுதுங்கள்.