ஃப்ளெக்ஸ்ல தியாகச் சுடர்னு போட வேணாம், டீச்சர்னு போடுங்க

அம்மா போய் இன்னியோட நாப்பத்தஞ்சு நாள். இவ்ளோ நாளா எழுத உக்காந்தா கை வரல. போன வாரம் தம்பி போன் பண்ணான், அம்மாகிட்ட படிச்சவங்க எல்லாம் சேர்ந்து ஸ்கூல்ல ஒரு நினைவேந்தல் வைக்கிறாங்களாம், ஃப்ளெக்ஸ் டிசைன் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன் பாருக்கான்னான். பாத்தேன். அம்மா போட்டோ, சுத்தி மெழுகுவர்த்தி, கீழ பெரிய எழுத்துல "தியாகச் சுடரே". அந்தப் புள்ளைங்க அன்பைப் பத்தி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், அவங்க கைக்காசு போட்டு செய்றாங்க. ஆனா அந்த ரெண்டு வார்த்தை மட்டும் தொண்டையில சிக்கிட்டே நிக்குது, அதான் இந்தப் பதிவு.

அம்மா இடைநிலை ஆசிரியை. 1985ல வேலைக்கு சேந்தாங்க, 2018ல ரிட்டயர்டு. புதுக்கோட்டை மாவட்டத்துல ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளிங்கதான் எல்லாமே, அதுலயும் பாதி சர்வீஸ் ரெண்டே டீச்சர் இருக்குற ஸ்கூல். ஹெச்.எம்., உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) ஆபீஸுக்கு மீட்டிங்னு கிளம்பிட்டா அன்னிக்கு அஞ்சு கிளாஸும் அம்மா ஒருத்தங்கதான்.

நான் 1987ல பொறந்தேன். அப்பல்லாம் பிரசவ லீவு 90 நாள்தான். 91வது நாள் என்னை அப்பத்தா கையில குடுத்துட்டு அம்மா பஸ் ஏறிட்டாங்க. பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலிக்கும், மத்தியானம் புள்ளைங்க சாப்பிட உக்காந்ததும் ஸ்கூலுக்குப் பின்னாடி போய் பீச்சி விட்டுட்டு வந்து மறுபடி பாடம் எடுப்பாங்கன்னு அப்பத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா வாயால ஒரு நாளும் சொன்னதில்ல. அந்த 90 நாள் ஆறு மாசமா ஆனது 2011ல, ஒம்போது மாசமா ஆனது 2016ல, ஒரு வருஷமா ஆனது 2021ல. கடைசி நியூஸ் வந்த அன்னிக்கு அம்மா ரிட்டயர்டாகி மூணு வருஷம் ஆச்சு, ஆனாலும் எனக்கு போன் போட்டு "இனிமே இந்த டீச்சர் புள்ளைங்க எல்லாம் புள்ள நடக்குற வரைக்கும் கையில வச்சிருக்கலாம்டி"ன்னாங்க. குரல்ல அவ்ளோ சந்தோஷம். நான்தான் போனை வச்சிட்டு அழுதேன்.

அதைத் தியாகம்னு எப்படிங்க சொல்றது? தியாகம்னா நாமளா விரும்பிக் குடுக்குறது. என் நாலாவது மாசத்தை அம்மா யாருக்கும் விரும்பிக் குடுக்கல, லீவு முடிஞ்சு போச்சு, அவ்ளோதான்.

அடுத்தது பை. அம்மா பையில சாக்பீஸ் டப்பா பக்கத்துல எப்பவும் ஒரு தூக்கு இருக்கும், அதுல பொட்டுக்கடலையும் நாட்டுச்சக்கரையும். மத்தியான சத்துணவு 1982லயே எம்.ஜி.ஆர். ஆரம்பிச்சது, அம்மா வேலைக்கு சேரும்போதே இருந்துச்சு, ஆனா காலைல என்ன? ஆத்தாளும் அப்பனும் விடியுமுன்ன கல்லுடைக்கப் போயிட்டா புள்ள வெறும் வயித்தோடதான் வரும். பிரேயர்ல நிக்கும்போது பொத்துன்னு விழும். எந்தப் புள்ள சாப்பிடலன்னு அம்மா கேக்கவே மாட்டாங்க, நாலு பேருக்கு முன்னாடி கேட்டா புள்ள கூசிப் போகும்னு. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சு, டஸ்டர் எடுத்துட்டு வான்னு பக்கத்துல கூப்பிட்டு ஒரு கை அள்ளி வச்சி விடுவாங்க. 2022 செப்டம்பர்ல மதுரையில காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சப்போ டிவி முன்னாடியே உக்காந்திருந்தாங்க, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும்னு வந்ததும் "இனி பிரேயர்ல ஒரு புள்ளையும் விழாது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாங்க.

என் வருத்தம் இதுதான். ஸ்கூல்ல இல்லாததையெல்லாம் ஒரு பொம்பள தன் சம்பளத்துல, தன் ஒடம்புல, தன் புள்ளைங்க நேரத்துல இருந்து எடுத்து ரொப்பிக்கிட்டே இருந்திருக்கா, நாம அதுக்குத் தியாகம்னு பேர் வச்சி மாலை போட்டா ஏன் இல்லாமப் போச்சுன்னு யாரும் கேக்கவே வேண்டியதில்லன்னு ஆயிடுது. அதோட அவங்க வேலையில எவ்ளோ கெட்டிக்காரிங்கிறதும் மறைஞ்சு போயிடுது. எனக்கு அதுதான் பெரிய நஷ்டமா படுது.

ஏன்னா எங்கம்மா நல்லவங்கங்கிறதால மட்டும் புள்ளைங்க படிக்கல, அவங்களுக்கு வேலை தெரியும். ஒண்ணாப்பு புள்ளைக்கு 'அ'ல ஆரம்பிக்கவே மாட்டாங்க. அது சுழிச்சு வளைச்சு எழுதுற எழுத்து, பென்சில் புடிக்கவே தெரியாத விரலுக்கு அது வராது, வரலன்னு அழுது அடுத்த நாள் ஸ்கூலுக்கே வராதும்பாங்க. அதனால ட, ப, ம. எல்லாம் நேர்கோடுதான் பெரும்பாலும். இந்த மூணும், புள்ளி வைக்கவும் தெரிஞ்சா போதும், படம், மடம், பட்டம், மட்டம்னு புள்ள வார்த்தையே படிச்சிரும். முதல் வாரத்துலயே "நான் படிச்சிட்டேன்"னு அது வீட்ல போய் சொல்லணும், அப்பதான் ஆத்தாக்காரி மறுநாளும் அனுப்புவாங்கறது அம்மாவோட கணக்கு. 2007ல புள்ளைங்க தானா செஞ்சு படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்து பாட அட்டை, எது முடிச்சு எதுன்னு காட்டுற ஏணிப்படி, பாயில வட்டமா உக்கார்றதுன்னு எல்லாமே மாறுனப்போ அம்மாவுக்கு நாப்பத்தேழு வயசு. கூட வேலை பாத்தவங்க நிறைய பேர் முணுமுணுத்தாங்க, அம்மா நோட்டு போட்டு படிச்சாங்க. முட்டி வலியோட பாயில உக்காந்து பாடம் நடத்துனாங்க.

நானும் ரெண்டாப்பு அம்மாகிட்டதான் படிச்சேன். கேட்டைத் தாண்டிட்டா டீச்சர்னுதான் கூப்பிடணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க, மத்த புள்ளைங்க ஏங்கிறக் கூடாதாம். ஆனா பாருங்க, மத்த புள்ளைங்க வாய் தவறி டீச்சருக்கு பதிலா "அம்மா"ன்னு கூப்பிட்டுடும், அம்மாவும் "என்னப்பா"ன்னு திரும்பிப் பாப்பாங்க. எனக்கு மட்டும் அந்த ஆறு மணி நேரமும் அம்மா கிடையாது. ஒரு நாள் காய்ச்சல்ல சுருண்டு படுத்து அம்மான்னு சத்தமா அழுதுட்டேன். ஓடி வந்து தூக்கல. மெதுவா வந்து, எந்தப் புள்ளைக்கும் செய்ற மாதிரி நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, சத்துணவு ஆயாகிட்ட சுக்குத் தண்ணி வாங்கிக் குடுத்துட்டு போர்டுக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் வழி நெடுக என்னை எறக்கி விடவே இல்ல. எனக்கு அந்தக் கோவம் ரொம்ப வருஷம் இருந்துச்சு, என் மகளுக்கு மூணு வயசாகி நான் வேலைக்குப் போன பெறகுதான் அது கரைஞ்சுது, முழுசா கரைஞ்சுதான்னு இப்பவும் சொல்லத் தெரியல.

அம்மா தனக்குன்னு செஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு. சைக்கிள். 1991ல புதுக்கோட்டையில பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லிக் குடுக்குற அறிவொளி இயக்கம் வந்தப்போ சாயங்காலம் பாடம் சொல்லிக் குடுக்கப் போனாங்க. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர் அப்போ, பொம்பளைங்க எல்லாம் சைக்கிள் கத்துக்கணும்னு ஊரூரா இயக்கமே நடந்துச்சு. அம்மாகிட்ட ராத்திரியில எழுத்துக் கத்துக்கிட்ட அக்காங்கதான் நெலா வெளிச்சத்துல சீட்டைப் புடிச்சிக்கிட்டே ஓடி வந்து அம்மாவுக்கு சைக்கிள் கத்துக் குடுத்தாங்க. ஆம்பள சைக்கிள்தான், முன்னாடி பார்ல என்னை உக்கார வச்சிக்கலாம்னு அதையே வச்சிக்கிட்டாங்க. பஸ் ஸ்டாப்ல இருந்து மூணு கிலோமீட்டர் நடை அன்னியோட முடிஞ்சுது. எறக்கம் வந்தா காலைத் தூக்கிட்டு விடுவாங்க, சிரிப்பாங்க. அப்படி சிரிச்சு நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

அதனால தம்பிகிட்ட சொல்லிட்டேன், ஃப்ளெக்ஸ்ல பேருக்குக் கீழ "இடைநிலை ஆசிரியை, 1985–2018"னு போட்டா போதும். மெழுகுவர்த்தி வேணாம். போட்டோவும் மாத்தணும், இப்ப இருக்குறது ரேஷன் கார்டுக்கு எடுத்தது. 1992 மகளிர் தினத்தன்னிக்கு 1,500 பொம்பளைங்களுக்கு மேல புதுக்கோட்டை டவுனுக்குள்ள பெல் அடிச்சுக்கிட்டு சைக்கிள் பேரணி வந்தாங்க, ஹேண்டில்பார்ல கொடி கட்டி. அம்மாவும் போனாங்க. எங்க வீட்ல ஒரு போட்டோ கூட இல்ல. அன்னிக்கு எடுத்த படம் யார் வீட்டு பரண்லயாவது, பழைய ஆல்பத்துலயாவது இருந்தா தயவு செஞ்சு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. கூட்டத்துல சின்னதா இருந்தாலும் பரவால்ல, நான் கண்டுபிடிச்சிருவேன். ஆம்பள சைக்கிள், முன்னாடி பார்ல ஒரு சின்னப் புள்ள உக்காந்திருக்கும்.