அட்வான்ஸ் பணம் நம்முடையது அல்ல

சென்னையில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாடியிலும் இரண்டு போர்ஷன்களில் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் ஓனர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும். வாடகையை இழுத்தடிப்பவர்கள் உண்டு, சொல்லாமல் கொள்ளாமல் உள்வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. அதையெல்லாம் நாம் நிறையவே பேசிவிட்டோம். நம் பக்கத்துப் பொறுப்பைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பொறுப்பு அட்வான்ஸ் வாங்கும் அன்றே தொடங்கிவிடுகிறது.

15,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அதை எங்கிருந்து புரட்டும்? நகையை அடகு வைக்கும், இல்லையென்றால் வட்டிக்கு வாங்கும். நம் கைக்கு வந்ததும் அது மகளின் காலேஜ் ஃபீஸாகவோ மாடியில் எழுப்பும் அடுத்த போர்ஷனாகவோ மாறிவிடுகிறது. வருடத்துக்கு 6 சதவீதம் என்று வைத்தாலே 9,000 ரூபாய் வட்டி. அந்தப் பணத்தை வருடக்கணக்கில் வட்டியில்லாமல் வைத்துக்கொள்கிறோம். நம்மைப் பொறுத்தவரை அது கடன். கடன் வாங்கியவருக்கு உரிய பணிவு நம்மிடம் இருக்க வேண்டாமா?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'ஒழிய'வைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடப்பது என்ன? "புது ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸ் தந்ததும் தருகிறேன்" என்கிறோம். காலி செய்து போகிறவர் அதே வாரத்தில் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாக வேண்டும் என்பதை யோசிப்பதே இல்லை.

அப்புறம் பெயிண்டிங் சார்ஜ். ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போகிறவரிடமும் ஒரு மாத வாடகையை அதற்கென்று பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, குழாய்களை மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் கணக்கில் இருக்கின்றன. டேப் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவர் கணக்கு. ஆள் வாழ்ந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினோம்? ஆணியடித்துச் சுவரைப் பெயர்த்திருந்தால் அது வேறு கதை, அதற்கான செலவைக் கேட்பதில் தவறில்லை.

இதையெல்லாம் குடியிருப்பவர்கள் ஏன் தட்டிக் கேட்பதில்லை? அவர்களுடைய ஒன்றரை லட்சம் நம்மிடம் இருக்கிறது. பேசினால் போகும்போது அதில் கை வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். பாத்ரூம் சுவரில் நீர் கசிந்தாலும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் ஓனருக்கு போன் செய்கிறார்கள். இந்தப் பயம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வயதில் மூத்தவர்கள்கூட ஓனர் முன்னால் தயங்கித் தயங்கிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் பில்லிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை குடியிருக்கும் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். பல வீடுகளில் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கறாராக வசூலிக்கிறார்கள். ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் ஓடினால் பில் மேல் ஸ்லாபுக்குப் போய்விடும், உண்மைதான். அப்படியானால் மின்வாரியத்துக்குக் கட்டிய பில்லைக் காட்டி, ஓடிய யூனிட் கணக்கில் பிரித்துக் கேளுங்கள். முடிந்தவரை ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். கரண்டில் லாபம் பார்ப்பதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன்.

முன்னறிவிப்பில்லாமல் உள்ளே போய்ப் பார்ப்பது, "நேத்து ராத்திரி யார் வந்தாங்க?" என்று விசாரிப்பது, காலி செய்ய வைக்க மோட்டாரை நிறுத்தித் தண்ணீரைக் கட் பண்ணுவது... இவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. உள்ளே போக வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது சட்டப்படி தவறு. சட்டமே இல்லையென்றாலும் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்த ஒருவருக்கு எப்படி மனசு வரும்?

ஒப்பந்தத்தை எழுதி, இதே சட்டத்தின்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொண்டால் நமக்கும் பாதுகாப்பு. வாடகை தராதவர் மீது நடவடிக்கை எடுக்கவும் அந்தக் காகிதம்தான் உதவும். வெறும் பதினோரு மாத அக்ரிமென்டை டைப் அடித்துக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் போதாது.

சரி, பத்து மாதம் வாங்கிச் செலவும் செய்தாயிற்று, இப்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். வரும் வாடகையில் மாதம் ஒரு தொகையை, நாலாயிரமோ ஐந்தாயிரமோ, தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மாதம் ஐந்தாயிரம் என்றால் இரண்டரை வருடத்தில் ஒன்றரை லட்சம் சேர்ந்துவிடும். அடுத்து வருகிறவரிடம் மூன்று மாதம் மட்டும் வாங்குங்கள், அதையும் அப்படியே வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு வையுங்கள். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். காலி செய்கிறவர் சாவியைத் தரும் அன்றே பணத்தை அவர் கணக்குக்கு அனுப்பிவிட முடிகிறது.