பகலில் நிறுத்து, இரவில் எரி

2025 சித்திரைப் புத்தாண்டுக்குத் தெஹிவளையில் மாமா வீட்டில் நின்றேன். பொங்கிப் படைத்து முடிந்ததும் மாமா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். ஏறி நின்று சோலர் பிரேக்கரைக் கீழே தட்டினார். இன்வேட்டரின் பச்சை வெளிச்சம் அணைந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். "மூண்டு மணிக்கு ஞாபகப்படுத்து, நான் நித்திரையாப் போவன்" என்றார். நானும் மறந்துவிட்டேன். ஐந்தரைக்குத்தான் திரும்பப் போட்டார்.

கூரையில் சோலர் வைத்திருப்பவர்கள் அந்த விடுமுறை நாட்களில் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டிருந்தது. சொன்ன காரணம் பொய்யில்லை. கந்தோர்களும் தொழிற்சாலைகளும் பூட்டிக் கிடக்கும்போது பாவனை விழுந்துவிடும், வெயில் விழாது. மின்நிலையங்களின் பெரிய சுழலிகள் போதுமான அளவு சுற்றாத நேரத்தில் எங்காவது ஒன்று பிழைத்தால் நாடே இருண்டு போகும். அதே வருடம் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆனது. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கால் வந்தது என்றார்கள், அந்தக் குரங்கை வைத்து எல்லோரும் பகிடி விட்டோம். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் திரும்ப எழும்ப நாட்கள் எடுத்ததையும், அதனால் ஒன்றரை மணித்தியால வெட்டு வந்ததையும் யாரும் இப்போது பேசுவதில்லை. நிலக்கரி உலை வீட்டு ஸ்விட்ச் மாதிரி இல்லையே, மத்தியானம் நிறுத்திப் பின்னேரம் போட.

சரி, பின்னேரம் என்ன நடக்கிறது? ஆறரை முதல் பத்தரை வரைதான் உச்சப் பாவனை. அப்போது மாமாவின் கூரை வெறும் கூரைதான். நீர்த்தேக்கங்களும் வற்றிய காலமென்றால் உலை எண்ணெயும் டீசலும் எரியும்.

அரசின் இலக்குகள் இவை: 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது, 2050இல் காபன் சமநிலை, புதிதாக நிலக்கரி நிலையம் இல்லை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. சம்பூரில் நிலக்கரி வர இருந்த இடத்தில் சோலர் வருவது சின்ன விஷயமா? ஆனால் இனிப் பணத்தைப் போட வேண்டியது இரவுக்கு. உபமின்நிலையங்களில் பெரிய பற்றரிகளை அரசு வைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு பற்றரி வாங்கட்டும் என்று விட்டால் தனிவீடு உள்ளவர் வாங்குவார். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற எனக்குக் கூரையே இல்லை, பற்றரியை எங்கே வைப்பது?

உச்ச நேரத்தில் கூடி, பத்தரைக்குப் பிறகு குறைகிற, நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம் வீடுகளுக்கும் உண்டு, விரும்பினால் கேட்டு எடுக்கலாம். எங்கள் தொடர்மாடியில் எடுத்தவர் ஒருவரும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வாகன இறக்குமதி திறந்த பிறகு காலி வீதி முழுக்க மின்சாரக் கார்கள். வேலை முடிந்து வந்து ஏழு மணிக்குச் செருகினால் அதுவும் எண்ணெயில் ஓடும் கார்தான். மின்சாரக் கார் வாங்குபவருக்காவது இந்தக் கட்டணத்தைக் கட்டாயமாக்குங்கள். பத்தரை வரை தானாகப் பொறுப்பார்.

வரிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2019இல் வாகனங்களுக்குக் காபன் வரி என்று ஒன்று வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வந்த வேகத்தில் போய்விட்டது.

கார் இல்லாதவருக்கு என்ன செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஜப்பான் கடனில் வர இருந்த இலகு ரயிலை 2020இல் இரத்துச் செய்தார்கள். இந்தப் பதிவை அதே பாதையில், பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுதத் தொடங்கினேன். இப்போதுதான் பத்தரமுல்லை தாண்டுகிறது.