ஓ.ஆர்.எஸ். கேட்டால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்!

போன வாரம் ஒரு நாள், ராத்திரி பத்து மணி. என் மகனுக்கு இரண்டரை வயது. சாயங்காலத்திலிருந்து ஆறு தடவை தண்ணீராகவே போயிருந்தான், நடுவில் இரண்டு முறை வாந்தி வேறு. தெருமுனை மெடிக்கலுக்கு ஓடி, "ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட் கொடுப்பா" என்றேன். பேதியில் போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்ட, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற பவுடர் அது. கடைத் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை எட்டும் தூரத்தில் அடுக்கியிருந்த ஆரஞ்சு நிற டப்பாவில் ஒன்றை எடுத்து வைத்தான். ஜூஸ் டப்பா மாதிரி, பக்கத்தில் ஸ்ட்ரா ஒட்டியது.

"இது இல்லப்பா, கரைக்கிற பவுடர்."

"அதேதான்க்கா. முன்னாடி மேலே ஓ.ஆர்.எஸ்.னு போட்டிருந்தாங்க, இப்போ பேரை மட்டும் மாத்திட்டாங்க. குழந்தைங்க இதைத்தான் குடிக்கும்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அது எப்படி அதே ஆகும்? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 200 மில்லிக்குள் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 100 கிராமைத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். கூடவே சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் உப்பு 2.9. இந்த அளவு சும்மா வந்ததில்லை. குடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகும், அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். அளவு சரியாக இருந்தால் உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை மிதமிஞ்சினால் தலைகீழ்: குடல் உடம்பிலிருக்கிற தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பேதி இன்னும் அதிகமாகும். அதாவது, நிறுத்த வேண்டிய பேதியைக் கூட்டிவிடக்கூடிய ஒன்றைத்தான் பத்து மணி ராத்திரியில் என் கையில் திணித்தார்கள்.

இந்த டப்பாக்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்து வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது 2025 அக்டோபரில்தான். அதற்கு முன்னால், 2022லும் 2024லும் பிறப்பித்த உத்தரவுகளில், பெயரோடு முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்து அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம், 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை அல்ல' என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு வரி! பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற தாய் அதைப் படித்துவிட்டு வாங்குவாள் என்று எந்த அதிகாரி நினைத்தார்? ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக எட்டு வருடம் போராடினார். ஒரு தனி மனுஷி, எட்டு வருடம். அதற்குள் எத்தனை பிள்ளைகள் மருந்து என்று நம்பி இந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்திருக்கும்! பேதியால் மட்டும் உலகத்தில் வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சாகிறார்கள். 1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த இந்தத் தண்ணீரைக் கொடுத்துத்தான் காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அப்படிப்பட்ட ஒன்றின் பெயரை ஜூஸ் விற்கக் கொடுத்திருக்கிறோம்.

சரி, இப்போது பெயர் போய்விட்டது. பழக்கம் போகவில்லையே? டப்பா முன்வரிசையில் இருக்கிறது, பவுடர் கீழ்த்தட்டில் ஏதோ அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. அந்தத் தம்பி குனிந்து தேடி எடுத்துத் தர ஐந்து நிமிடம் ஆனது. விலை இருபது ரூபாய் சொச்சம், ஒரு லிட்டர் கரைக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் காசே வாங்காமல் தருவார்கள், துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் சேர்த்து.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு போராட்டம். "வயிறு போகும்போது தண்ணி கொடுத்தா இன்னும் போகும், வெறும் வயித்துல போடு" என்கிறார் மாமியார். அத்தைமேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் போகப்போகக் கொடுக்க வேண்டியதே தண்ணீரைத்தான். தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது, கஞ்சியையும் நிறுத்தக்கூடாது. அப்புறம் கீழ்வீட்டு அக்கா வந்து, "டம்ளர்ல கொஞ்சமா கொட்டிக் கலக்கிக் கொடு, எதுக்கு முழு பாக்கெட்டை வீணாக்குற" என்கிறார். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில்தான் மொத்தத்தையும் கரைக்க வேண்டும், 200 மில்லி பாக்கெட் என்றால் 200 மில்லியில். கண்ணளவில் போட்டால் உப்பு கூடிப்போகும், அது குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததைச் சூடு பண்ணக்கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக.

இதெல்லாம் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. தமிழில், கொட்டை எழுத்தில், படம் போட்டு இருந்தால் யார் கை சுடுகிறது? பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போது "ஒரு லிட்டர் தண்ணிக்கு முழுசா கரைங்க" என்று சொல்ல எத்தனை நொடி ஆகிவிடப்போகிறது? கண் உள்ளே போயிருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாமல் துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கடையில் ஒட்டினால்தான் என்ன?

என் மகன் மறுநாள் மதியம் எழுந்து விளையாடினான். நான் அந்தக் கடைக்குப் போய், பவுடர் பாக்கெட்டை முன்னால் வையுங்கள் என்று முதலாளியிடமே கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். நேற்று அந்தப் பக்கம் போனேன். முன்வரிசையில் அதே ஆரஞ்சு டப்பாக்கள். ஒருவர் கைக்குழந்தையோடு நின்று வாங்கிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பவுடர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.