நம்பர் ஒன் உணவகமும் நகரும் வரிசையும்

'உலகின் தலைசிறந்த ஐம்பது உணவகங்கள்' பட்டியல் வெளியாகிவிட்டால் இரண்டு நாளைக்கு டைம்லைன் முழுக்க அதே படம்தான். கழுத்தில் சிவப்புத் துண்டு போட்ட சமையல்காரர்கள் மேடையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கீழே "சாவதற்குள் ஒரு தடவையாவது போகணும்" என்று நூறு கமெண்ட். 2025-இல் முதலிடம் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் இருக்கும் மைடோவுக்கு. அதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனாவின் டிஸ்ஃப்ருத்தார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்களை ஓரளவு நம்பலாம். பெயருக்கு முன்னால் போட்டிருக்கும் எண்ணை நம்ப ஒரு காரணமும் இல்லை.

(இந்த ஐம்பதில் ஒன்றிலும் நான் சாப்பிட்டதில்லை. "அப்புறம் உனக்கென்ன பேச்சு?" என்று கேட்கலாம். நான் பேசப் போவது சாப்பாட்டைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. அதற்கு மேசை புக் பண்ணத் தேவையில்லை.)

2002-இல் பிரிட்டனில் 'ரெஸ்டாரன்ட்' என்ற தொழில் பத்திரிகை ஆரம்பித்து வைத்தது இது. இன்றைக்கு வாக்குப் போடுபவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். உலகத்தை இருபத்தேழு, இருபத்தெட்டு வட்டாரங்களாகப் பிரித்து வட்டாரத்துக்கு 40 பேரைப் பிடித்திருக்கிறார்கள். சமையல்காரர்கள், உணவைப் பற்றி எழுதுபவர்கள், நாடு நாடாகப் போய்ச் சாப்பிட வசதியும் ஆசையும் உள்ளவர்கள் என்று கலந்த கூட்டம். ஆளுக்கு 10 வாக்கு. கடந்த ஒன்றரை ஆண்டுக்குள் அந்த இடத்தில் சாப்பிட்டிருக்க வேண்டும். தனக்குப் பங்கு இருக்கும் உணவகத்துக்குப் போடக் கூடாது. எண்ணிக்கையை டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் சரிபார்க்கிறது. சரி, கள்ள ஓட்டு என்ற பேச்சே வேண்டாம்.

ஆனால் டெலாய்ட் சரிபார்ப்பது கூட்டலை மட்டும்தானே? எதை வைத்துச் 'சிறந்தது' என்று முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இந்தப் பட்டியலில் அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவர் மீன் வெந்திருந்த பதத்துக்காகப் போடுவார், இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலுக்காகப் போடுவார், மூன்றாமவர் சமையல்காரர் வந்து தோளில் கைபோட்டுப் பேசியதற்காகப் போடுவார். மூன்றும் ஒரே கணக்கில்தான் சேரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்த ஒன்றரை ஆண்டு விதிதான். விதி நியாயமானது, ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். போகாத இடத்துக்கு யாரும் வாக்குப் போட முடியாது. ஆகவே இந்தப் பட்டியல் முதலில் அளப்பது இந்த ஆயிரம் பேர் சமீபத்தில் எந்தெந்த ஊருக்கு விமானம் ஏறினார்கள் என்பதை. சாப்பாட்டுக்கு மதிப்பெண் அதற்குப் பிறகுதான். யாரும் எட்டிப் பார்க்காத ஊரில் ஒருவர் எவ்வளவு அற்புதமாகச் சமைத்தாலும் அவருக்கு விழுவது பூஜ்யம். போன ஆண்டு முதல் பத்தில் வந்த இடத்துக்கோ இந்த ஆண்டு எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். போனவர்கள் வாக்கும் போடுவார்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. 2019-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஒரு தடவை முதலிடம் பெற்ற உணவகம் மறுபடி போட்டியிட முடியாது, தனியாக ஒரு கௌரவப் பட்டியலுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் ஸ்பெயினின் எல் புல்லி ஐந்து முறையும், கோபன்ஹேகனின் நோமா நான்கு முறையும் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தன. அந்த அலுப்பைத் தீர்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஆக 2019-க்குப் பிறகு 'உலகின் சிறந்த உணவகம்' என்றால், இதுவரை முதலிடம் பெறாதவற்றில் சிறந்தது என்று பொருள். நோமா மட்டும் இடம் மாறி 2018-இல் புதிதாகத் திறந்ததால் புது உணவகம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2019-இல் முதலிடம் பிரான்சின் மிராசூர், இரண்டாமிடம் நோமா. 2020-இல் கொரோனாவால் பட்டியல் இல்லை. 2021-இல் நோமா முதலிடம், இரண்டாமிடம் அதே கோபன்ஹேகனின் ஜெரானியம். 2022-இல் ஜெரானியம் முதலிடம், இரண்டாமிடம் லிமாவின் சென்ட்ரல். 2023-இல் சென்ட்ரல் முதலிடம், இரண்டாமிடம் டிஸ்ஃப்ருத்தார். 2024-இல் டிஸ்ஃப்ருத்தார் முதலிடம். டிஸ்ஃப்ருத்தார் ஏறி வந்த படிகள் இவை: 9, 5, 3, 2, 1. சென்ட்ரல் ஏறியது 6, 4, 2, 1.

இது ரேஷன் கடை வரிசை. முன்னால் நிற்பவர் பையை வாங்கிக்கொண்டு போனதும் அடுத்தவர் ஓர் அடி நகர்கிறார். சென்ட்ரலின் சமையல் ஒவ்வொரு பட்டியலுக்கும் அளந்து வைத்தாற்போல் ஓரிரண்டு படி மேம்பட்டதா என்ன? இருந்தாலும் செய்தி வரும்போது "உலகின் சிறந்த உணவகம் என்ற மகுடத்தை வென்றது" என்றுதான் வரும்.

2025-இல் மட்டும் வரிசையில் ஒருவர் முந்திவிட்டார். இரண்டாமிடத்தில் காத்திருந்தது எட்செபாரி. ஸ்பெயினின் பாஸ்க் மலைப்பகுதியில் ஒரு சின்ன கிராமத்தில், விறகுக் கரியில் மட்டுமே சுடும் இடம். ஐந்தாமிடத்திலிருந்த மைடோ தாண்டிப் போய்விட்டது. எட்செபாரி மறுபடி இரண்டு.

உணவகங்களுக்கு மூன்று நட்சத்திரம் வரை கொடுக்கும் மிச்செலின் வழிகாட்டி, அந்த எட்செபாரிக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருவது ஒரே ஒரு நட்சத்திரம். ஒரு தராசில் உலகத்திலேயே இரண்டாமிடம், இன்னொன்றில் மூன்றுக்கு ஒன்று! சென்ட்ரலுக்கும் மைடோவுக்கும் அதுவும் இல்லை. சாப்பாடு மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. 2025 வரை மிச்செலின் பெருவுக்கு வழிகாட்டியே போடவில்லை, அவ்வளவுதான்.

இருந்தும் இரண்டில் எதை அதிகம் நம்புவாய் என்று கேட்டால் மிச்செலினைத்தான் சொல்வேன். டயர் கம்பெனி, கார்க்காரர்களை ஊர் சுற்ற வைக்க 1900-இல் இலவசமாகக் கொடுத்த கையேடு அது. 1926-இல் நட்சத்திரம் வந்தது, 1931-இல் அது மூன்று படியானது. சோதிக்க வருபவர் யாரென்று சொல்லாமல் வருகிறார், பில்லைக் கம்பெனி கட்டுகிறது, தட்டில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று நட்சத்திரம் வாங்கியவர்களுக்குள் யார் ஏழாவது, யார் எட்டாவது என்று அவர்கள் எண் போடுவதில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கிறது.

அதற்காக மிச்செலின் சொக்கத் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தாய்லாந்து சுற்றுலாத் துறை அங்கே வழிகாட்டி வர ஐந்து ஆண்டுக்கு 14.4 கோடி பாட் கொடுக்க ஒப்புக்கொண்டது. கலிஃபோர்னியா முழுமைக்கும் 2019-இல் வழிகாட்டி வந்தபோது அந்த மாநிலச் சுற்றுலா அமைப்பு கொடுத்தது 6 லட்சம் டாலர். நட்சத்திரத்தை விலைக்கு வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதனைக்காரர் எந்த ஊருக்கு வருவார் என்பதில் காசுக்குப் பங்கு இருக்கிறது. 2005-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகரத்தில் ஓர் உணவகத்தை, கொடுக்கும் காசுக்கு நல்ல சாப்பாடு என்று வழிகாட்டியில் போட்டுவிட்டார்கள். மதிப்பிட்ட நேரத்தில் அந்த உணவகம் திறக்கப்படவே இல்லை! அச்சடித்த பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

ஐம்பது பட்டியல் மீதும் இதே புகார் உண்டு. 2015-இல் பிரான்சிலிருந்து 'ஆக்குபை 50 பெஸ்ட்' என்று ஒரு எதிர்ப்பே கிளம்பியது. வாக்காளர் காசு கொடுத்துச் சாப்பிட்டாரா, ஓசியில் சாப்பிட்டாரா என்று யாரும் பார்ப்பதில்லையே என்பது அவர்கள் கேள்வி. விழாவையும் அதற்குப் பிறகு ஊர் ஊராக நடத்த ஆரம்பித்தார்கள்: நியூயார்க், மெல்பர்ன், பில்பாவ், சிங்கப்பூர் என்று. விழா நடக்கும் ஊரில் உலகத்து வாக்காளர்கள் நாலு நாள் தங்கிச் சாப்பிடுகிறார்கள். ஒன்றரை ஆண்டு விதியை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அதே 2015 கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் 'லா லிஸ்ட்' என்று சொந்தமாக ஒன்று தொடங்கினார்கள். மற்ற வழிகாட்டிகளின் மதிப்பெண்களைக் கூட்டி நூற்றுக்கு இவ்வளவு என்று போடுவது. பல குறைகளைக் கூட்டினால் ஒரு நிறை வந்துவிடும் என்ற நம்பிக்கை.

நிபுணர்களே வேண்டாம், மக்கள் சொல்வதுதான் சரி என்பவர்களுக்கு லண்டன் கொட்டகைக் கதையை ஞாபகப்படுத்துகிறேன். ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று, யார் வேண்டுமானாலும் விமர்சனம் எழுதும் ட்ரிப்அட்வைசர் தளத்தில் பதிந்தார். ஷேவிங் நுரையை வைத்து உணவுப் படம் எடுத்தார். ஒரு படத்தில் முட்டைக்குப் பக்கத்தில் தெரிந்தது அவருடைய குதிகால். நண்பர்களை வைத்துப் பொய் விமர்சனம் எழுதவைத்தார். ஒரு தட்டு சாப்பாடுகூடப் போடாமல் 2017 நவம்பரில் அது லண்டனிலேயே முதலிடம்.

இந்தத் தரவரிசைகள் எதிலும் இல்லாத ஒரு கட்டம் இருக்கிறது. நோமா முதலிடம் வாங்கிய ஐந்து ஆண்டுகளிலும் அதன் சமையலறையில் சம்பளமில்லாத பயிற்சியாளர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது 2022 அக்டோபரில்தான். உலகின் சிறந்த என்று சொல்லும்போது உள்ளே நிற்பவர்களின் கூலி அதில் சேராதா? இதை ஏன் பெரிதாக யாரும் கேட்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் மீறி இந்தப் பட்டியலால் ஒரு நன்மை நடந்திருக்கிறது. உயர்ந்த சமையல் என்றால் பிரான்ஸ் என்றிருந்த பேச்சை லிமாவுக்கும் கோபன்ஹேகனுக்கும் இழுத்துக்கொண்டு போனதில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு. மிச்செலின் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு இது போனது.

அதனால் நான் படிக்கும் முறை இதுதான். ஒரே ஆண்டுப் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்து, எந்தப் பெயர் விழாமல் நிற்கிறது என்று பார்ப்பேன். பதினேழா இருபத்துமூன்றா என்பதைக் கண்ணிலேயே வாங்குவதில்லை. 51 முதல் 100 வரை தனியாக ஒரு நீட்சிப் பட்டியல் போடுவார்கள், அதைக் கட்டாயம் படிப்பேன். அங்கே கூட்டம் குறைவு, மேசை கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. எல் புல்லியில் ஒரு பருவத்துக்குச் சுமார் 8,000 பேருக்குத்தான் இடம், கேட்டு வந்தவர்கள் 20 லட்சம் பேர் என்பார்கள். முதலிடத்துக்கு ஆசைப்படுபவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐம்பதில் ஏதாவது ஒன்றில் சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் கமெண்ட்டில் எழுதுங்கள். எத்தனையாவது இடம் என்று வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், எது வாயில் நின்றது, எது சுமார், அதைச் சொல்லுங்கள்.