சாய்த்தாலும் அது சதுரம்தான்

மேலே ஒரு அண்ணா, "சதுரமும் செவ்வகமும் வேறு வேறு, சதுரத்தைச் சாய்த்துவிட்டால் அது டைமண்ட், அங்கன்வாடியிலேயே இப்படிப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு அண்ணா. நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் செவ்வகம். சதுரத்துக்கும் அதேதான், கூடுதலாக நான்கு பக்கமும் சமம். ஆக, ஒவ்வொரு சதுரமும் ஒரு செவ்வகம்.

தமிழும் மலையாளமும் புழங்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் (கேரளத்தின் பாலக்காடு மாவட்டம்) இதைப் புரியவைக்க நல்ல வழி கையிலேயே இருக்கிறது. மலையாளத்தில் செவ்வகத்துக்குப் பெயர் 'சதுரம்'. நம்முடைய சதுரத்துக்கு 'சமசதுரம்'. பக்கங்கள் சமமான செவ்வகம் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. (சதுரம் எங்கே என்றதும் பக்கத்து வீட்டு மலையாளக் குழந்தை செவ்வகத்தைக் காட்டினால் தயவுசெய்து திட்டாதீர்கள், அவளுக்கு அதுதான் சரி.)

அப்புறம் சாய்ப்பது. 4 தீக்குச்சிகளை சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் மூலைக்கு மூலை இணைத்துக் கொடுங்கள். சதுரமாக வைத்து, அப்படியே திருப்பினால் எதுவும் மாறாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து அழுத்தினால் பக்கங்கள் அதே நீளம்தான், ஆனால் மூலைகள் சரிந்துவிடும். அப்போதுதான் அது சதுரம் இல்லை, வெறும் சாய்சதுரம். என் மகள் இதைச் செய்து பார்த்து, "மூலை படுத்துக்கிச்சும்மா" என்றாள்.

3 வயதில் வரையறை வேண்டாம், சரி. டச்சுக் கல்வியாளர்களான வான் ஹீலே தம்பதியர் 1957இல் விளக்கியபடி, குழந்தைகள் முதலில் முழுத் தோற்றத்தை வைத்துத்தான் வடிவத்தை அடையாளம் காண்கிறார்கள், பண்புகள் பிறகுதான். அதனாலேயே முக்கோணத்தைக்கூடத் தலைகீழாகவும் ஒல்லியாகவும் வரைந்து காட்டுங்கள்.