பட்டாவுக்குத்தான் பணம்

நேற்று நம்ம ஊர்க் குழுவில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் போடும் பி.எம். கிசான் திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், வட்டாரம், கிராமம் தேர்ந்தெடுத்தால் யாருக்கெல்லாம் பணம் போகிறது என்று பட்டியல் வந்துவிடும். ரகசியம் ஒன்றும் இல்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சில பெயர்களைச் சிவப்பில் வட்டமிட்டு, "ஓசிக் காசுக்கு எத்தனை விவசாயி பாருங்க" என்று போட்டவர் படித்தவர். கீழே சிரிப்பு பொம்மை போட்டவர்களும் படித்தவர்கள்தான்.

சரி, அந்த ஓசிக் காசு எவ்வளவு? நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய். 2019-இல் வைத்த தொகை, அதற்குப் பிறகு ஏறவே இல்லை. டிஏபி உரம் ஒரு மூட்டை 1,350. கூட இரண்டு மூட்டை யூரியா எடுத்தால் தவணை காலி. அதுவும் கடைக்காரர், "இதையும் வாங்கினாத்தான் யூரியா" என்று நானோ உரப் பாட்டிலை நீட்டாமல் இருந்தால்.

பட்டியலில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, இல்லாதவர் யார் என்று ஒரு தடவையாவது தேடினீர்களா? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். உழுவது யார் என்று இந்தத் திட்டம் கேட்பதே இல்லை.

எங்கள் சித்தப்பா குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர். நிலத்துக்காரருக்குத் திருப்பூரில் கடை. பொங்கலுக்குக் காரில் வருவார், வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். தவணை அவர் கணக்கில் விழுகிறது. விதிப்படி சரிதான். ஆனால் போன வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்து, சாய்ந்த நெல் வயலிலேயே முளை விட்டுவிட்டது. மெஷின்காரர் சேற்றில் இறங்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். சித்தப்பாவும் சித்தியும் முழங்கால் தண்ணீரில் நின்று அரிவாளால் அறுத்தார்கள். குத்தகை நெல்லில் மட்டும் ஒரு மூட்டை குறையவில்லை. பட்டா இல்லை, அதனால் அவர் விவசாயியும் இல்லை.

"குத்தகையைப் பதிவு பண்ண 1969-லயே சட்டம் இருக்கே" என்று ஒருவர் வருவார். இருக்கிறது, ஐயா. போய் நிலத்துக்காரரிடம் கையெழுத்து கேட்டுப் பாருங்கள். அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆள் கையில் இருக்கும். ஒடிசாவில் 'காலியா' என்ற விவசாயிகள் உதவித் திட்டம் கொண்டுவந்தபோது நிலமில்லாதவர்களையும் சேர்த்தார்கள். மனசிருந்தால் வழி இருக்கிறது.

"2020-ல தகுதியில்லாதவங்களை இந்தத் திட்டத்துல சேர்த்த மோசடி மறந்துபோச்சா?" மறக்கவில்லை. 13 மாவட்டம், சுமார் 110 கோடி, எங்கள் கள்ளக்குறிச்சியும் அதில் உண்டு. அலுவலகத்து பாஸ்வேர்டு இடைத்தரகர் கைக்குப் போய் நடந்த வேலை அது. அதற்குக் கிழவிகள் பதில் சொல்ல வேண்டுமா? அதற்கு அப்புறம் வந்த கெடுபிடி எல்லாம் யார் தலையில் விடிந்தது? களை எடுத்துத் தேய்ந்த கட்டைவிரல் மெஷினில் பதியவில்லை என்று என் அம்மாவை இ-சேவை மையத்துக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்கவிட்டார்கள். நடுவில் தவணையும் நின்றது.

ஆமாம், சிவப்பு வட்டத்துக்குள் இருந்த பெயர்களில் ஒன்று என் அம்மாவுடையது. "மகன் சென்னையில லட்சத்துல சம்பாதிக்கிறான், இந்தம்மாவுக்கு எதுக்கு?" என்று அதன் கீழே ஒருவர். லட்சமாம்! என் சம்பளச் சீட்டை இவர் எங்கே பார்த்தார்? இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். எனக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த எண்பது சென்ட் தாத்தா அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது. இன்றைக்கும் அதில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுவது அம்மாதான். நான் மாதாமாதம் அனுப்புகிறேனா இல்லையா என்று ஊர்க் குழுவில் கணக்கு ஒப்பிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.